பண்ணை மீன்களின் நலன் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கலாமா?

யாங்கோனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பா போனதிலிருந்து ஆண்டுதோறும் பர்மிய மாதமான கசோனின் பௌர்ணமியன்று, அவருடைய வயதுக்கு ஒன்று கூட்டி, 72 மீன் வாங்கி ஆற்றில் விடுகிறார்களாம். இந்த ஆண்டு அந்தச் செலவோடு இன்னும் சேர்த்து 30 லட்சம் கியாட் எடுத்து வைத்திருக்கிறார்கள். பண்ணையில் வளர்க்கிற மீன்களின் நலனைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு அதைக் கொடுத்தால் உருப்படியாக ஏதாவது நடக்குமா, "மீனுக்கு வலியே கிடையாது, காசைக் கரியாக்காதே" என்று அண்ணன் சொல்வது சரியா, கொடுப்பதென்றால் யாரிடம் கொடுப்பது என்று கேட்கிறார். பார்த்தால் மூன்று கேள்வி. எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது: இந்தப் பணம் தண்ணீர் வரைக்கும் போய்ச் சேருமா, நடுவழியில் காகிதமாகி நின்றுவிடுமா?

நான் யாங்கோனை அடுத்த துவந்தே பக்கத்துக்காரன். யாங்கோனில் விலங்கியல் படித்துவிட்டு, ரோகு மீன் குஞ்சு பொரிக்கும் இடத்தில் ஆரம்பித்து, துவந்தேயிலும் கயான் பக்கத்திலும் 26 வருஷம் குளத்து வேலை, மீன் நோய் பார்க்கிற வேலை என்று ஓடியவன். மூளை, நரம்பு என் துறை அல்ல. அதில் படித்ததைச் சொல்கிறேன். குளத்தில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அண்ணனுக்கு. தூண்டிலில் மாட்டித் தப்பிய மீன் கொஞ்ச நேரத்திலேயே திரும்ப வந்து கடிக்கிறதே, வலித்தால் வருமா என்று எல்லாரும் கேட்பதுதான். பசி எடுத்த உயிர் அடி வாங்கிய இடத்துக்கும் திரும்பப் போகும். அது வலி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. 2003இல் லின் ஸ்னெட்டன், விக்டோரியா பிரெய்த்வெய்ட், மைக்கேல் ஜென்டில் மூவரும் டிரவுட் மீனின் தலையில், காயத்தையும் சூட்டையும் எரிச்சலையும் உணர்கிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலமோ தேனீ விஷமோ ஏற்றிய மீன்கள் தீனி எடுக்காமல் கிடந்தன, பக்கவாட்டில் ஆடின, அமிலம் ஏற்றியவை உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன. வலி மருந்து கொடுத்தபோது அந்தத் தேய்ப்பும் ஆட்டமும் குறைந்தன. இதுவரை சந்தேகமில்லை. உடம்பில் காயம் பட்டால் மீனின் நடத்தை மாறுகிறது, அது வெறும் துள்ளல் அல்ல, மருந்துக்குக் கட்டுப்படுகிற மாற்றம்.

அந்த மீன் உள்ளுக்குள் என்ன அனுபவிக்கிறது என்பதில்தான் சண்டை. 2016இல் பிரையன் கீ என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் அறிஞர், நமக்கு வலியை உணர்த்துகிற மூளையின் மேற்புறணி மீனுக்கு இல்லை, ஆகவே வலியும் இல்லை என்று எழுதினார். அந்தக் கட்டுரைக்குத் துறையிலிருந்தே ஏகப்பட்ட மறுப்பு வந்தது. அப்படிப்பட்ட புறணி பறவைக்கும் கிடையாது, அதற்காகக் கோழிக்கு வலிக்காது என்று யாரும் சொல்வதில்லை என்பது அதில் ஒன்று. பிரிட்டனில் 2021இல் ஜொனதன் பர்ச் தலைமையில் ஒரு குழு 300க்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசி, நண்டு, இறால், கணவாய் வகைகளையும் உணர்வுள்ளவையாகக் கொள்ள வேண்டும் என்றது. 2022இல் வந்த அந்த நாட்டுச் சட்டத்திலும் அது ஏறிவிட்டது. முதுகெலும்புள்ளது என்பதால் மீன் முதலிலிருந்தே அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: நூற்றுக்கு நூறு நிரூபணம் இல்லைதான், ஆனால் இவ்வளவு சாட்சி போதாது என்றால் மாட்டுக்கும் போதாது.

என் யோசனை, உங்கள் பணத்தில் ஒரு கியாட்கூட இந்த வலி வழக்குக்குப் போகக் கூடாது. அது பெரிய பல்கலைக்கழகங்களின் சண்டை, அவர்களே நடத்திக்கொள்வார்கள். பணம் இல்லாமல் காய்ந்து கிடப்பது வேறு இடம்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி 2022இல்தான் முதல்முறையாக, வளர்த்த மீனும் இறாலும் சிப்பியும், ஆற்றிலும் கடலிலும் பிடித்ததைத் தாண்டின. வளர்த்தது மட்டும் 9 கோடியே 44 லட்சம் டன். டன்னில்தான் கணக்கு. நாமும் வீசையில்தான் (பர்மா வீசை, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்) பேசுகிறோம். ஒரு வீசைக்குள் எத்தனை உயிர் என்று அநேகமாக எந்த அலுவலகமும் எழுதி வைப்பதில்லை. சிலர் அதைத் தலைக் கணக்காக மாற்றிப் பார்த்து, 2019இல் உணவுக்காகக் கொல்லப்பட்ட பண்ணை மீன்கள் 7,800 கோடிக்கும் 17,100 கோடிக்கும் இடையில் என்று மதிப்பிட்டார்கள். இடைவெளி எவ்வளவு பெரிது பாருங்கள். கணக்கின் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் நடுவில் 9,300 கோடி உயிர் நிற்கிறது. உங்கள் வீட்டார் 72 என்று எண்ணி விடுகிறார்களே, அந்த மாதிரி எண்ணப்படுகிற மீன் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம்.

அதில் நம் ரோகு, பர்மியர் ஙாமிச்சின் என்பது, எங்கே நிற்கிறது? 2020இல் உலகத்தில் வளர்த்த சாலமன் மீன் ஏறக்குறைய 27 லட்சம் டன், ரோகு ஏறக்குறைய 25 லட்சம் டன். எடையில் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் சாலமனை நாலைந்து கிலோ வந்த பிறகு பிடிப்பார்கள். ரோகுவை ஒரு கிலோ, ஒரு வீசை என்று பிடித்துவிடுகிறோம். அப்படியானால் தலைக் கணக்கில் ரோகு மூன்று நாலு மடங்கு. சாலமனின் மனநிலை, பேன் தொல்லை, கொல்லும்போது மயக்கம் வந்ததா என்பது வரை அலமாரி அலமாரியாக ஆய்வு இருக்கிறது. ரோகுவைப் பற்றித் தேடினால் கிடைப்பது பெரும்பாலும், எந்தத் தீனிக்கு எவ்வளவு எடை ஏறும் என்பதுதான். இது ரோகுவுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 2021இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, வளர்க்கப்படும் நீர்வாழ் இனங்கள் 408 என்று எண்ணி, அவற்றில் 84க்குத்தான் நலன் பற்றிய தனிப்பட்ட தகவல் ஏதாவது இருக்கிறது என்றது.

காரணம் இரக்கக் குறைவு அல்ல, பணம் வருகிற வழி. நார்வேயில் கடல் உணவு ஏற்றுமதி மதிப்பில் 0.3 சதவீதம் ஆராய்ச்சிக்கென்று சட்டப்படி பிடிக்கப்படுகிறது. சாலமன் விற்க விற்க சாலமன் ஆராய்ச்சிக்குப் பணம் தானாக ஊறுகிறது. ரோகுவைச் சாப்பிடுகிறவர் யார்? நம் ஊர்க்காரர், வங்காளி, ஆந்திராக்காரர், வளைகுடாவில் கூலி வேலை செய்கிற வங்கதேசத்துப் பையன். அவர் மீன் நல்லபடி வாழ்ந்ததா என்று லேபிள் பார்த்து வாங்குவதில்லை. அதனால் கேள்வியும் பிறப்பதில்லை. இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. நெல் வயலை அனுமதியில்லாமல் குளமாக்கக் கூடாது. 2012 நிலச் சட்டத்திலும் அது இருக்கிறது. அனுமதி வாங்குவது சின்ன விவசாயிக்கு எளிதல்ல. ஐராவதி டெல்டாவில் எத்தனையோ சின்னக் குளங்கள் காகிதத்தில் இன்றும் வயல்தான். காகிதத்தில் இல்லாத குளத்துக்காரர், நோட்டும் பேனாவுமாக வருகிறவரைக் கரையில் ஏற விடுவாரா? பெரிய பண்ணைக்காரர்களிடம் போனால் அவர்களுக்கு வேறு பயம். ஆராய்ச்சி நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் மீனில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது.

இனி குளத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சந்தேகமில்லாத விஷயம், விடிவதற்கு முந்திய நேரம். பகலில் பாசியும் நுண்ணிய மிதவைச் செடிகளும் வெயிலில் ஆக்சிஜன் விடும். ராத்திரியில் அவையும் மீனோடு சேர்ந்து அதையே மூச்சுக்கு எடுக்கும். நாலு மணி, ஐந்து மணிக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் ரோகு நிம்மதியாக இருக்கும், 3க்குக் கீழே போனால் திணறும். இரண்டு நாள் மூடாப்பாகவும் காற்றில்லாமலும் இருந்தால், மூன்றாம் நாள் விடியலில் டார்ச் அடித்துப் பாருங்கள், குளம் முழுக்க வாயாக இருக்கும். ஆயிரக்கணக்கான வாய்கள் தண்ணீரின் மேல் தோலை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் சொல்ல முடியாது. வெயில் வந்ததும் எல்லாம் கீழே போய்விடும். எட்டு மணிக்கு வருகிற முதலாளிக்குக் குளம் அமைதியாகத் தெரியும். சாகாத மீனுக்கு என்ன ஆனது என்று அவர் கணக்கில் ஒரு வரியும் இராது. ராத்திரி ராத்திரியாக இப்படித் திணறிய மீன் தீனி குறைக்கும், மீன் பேனும் புண்ணும் அதற்குச் சுலபமாக வரும். இதற்கு மூளையியல் வேண்டியதில்லை, ஒரு மீட்டரும் தூக்கம் கெடுக்கச் சம்மதிக்கிற ஆளும் போதும்.

சந்தேகமான விஷயம் ஒன்றும் சொல்கிறேன், அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ரோகு விரலிகளை (விரல் அளவு குஞ்சுகளை) ஒரு வருஷம் வரைக்கும் சின்னக் குளத்தில் நெருக்கி, அரைவயிற்றுத் தீனியில் வளரவிடாமல் வைத்திருந்து, பிறகு பெரிய குளத்தில் விடுவது ஒரு முறை. ஆந்திராவில் இது வழக்கம், நானும் செய்திருக்கிறேன். அடக்கி வைத்த மீன் திறந்துவிட்டதும் மளமளவென்று வளரும், சாவும் குறையும், அதனால் வியாபாரத்துக்கு நல்லது. ஆனால் அந்த ஒரு வருஷம் அந்த உயிருக்கு என்ன? நீண்ட பட்டினியா, அல்லது குளிர்ந்த ரத்தப் பிராணி தன்னைச் சுருக்கிக்கொண்டு சும்மா இருக்கிற காலமா? எனக்கு விடை கிடையாது. என்னைவிடப் படித்தவர்களிடம் கேட்டும் அளந்து சொன்ன விடை வரவில்லை. அளக்க வழி இருக்கிறது: மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசோல், துடுப்புகளின் சிதைவு, தீனி போடும்போது ஒன்றையொன்று முட்டுவது, பெரிய குளத்தில் விட்டபின் நடத்தை எப்போது சரியாகிறது என்பது. பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். இரண்டு வருஷம் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுக்க ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் என் தலையில் நானே குட்டிக்கொள்ள ஒரு கதை உண்டு. கயான் பக்கத்தில் ஒரு பண்ணை, பெயர் வேண்டாம். விடியலில் மீன் திணறுவதை முதலாளிக்குக் காட்ட, ஒருநாள் அவரை மூன்றரை மணிக்கே எழுப்பிக் கரைக்குக் கூட்டிப்போனேன். மனிதர் ஆடிப்போனார். டீசல் எஞ்சினில் ஓடுகிற துடுப்புச் சக்கரம் வாங்கினார், நானே நின்று பொருத்தினேன். அந்த வருஷம் மீன் மேலே வரவேயில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வருஷம் போனேன். "ஸயா, உங்க மிஷின் தங்கமான மிஷின், இந்தத் தடவை குஞ்சு பாதிக்குப் பாதி கூட விட்டிருக்கேன்" என்றார். டீசல் விலை ஏறிய மாதம் சக்கரம் பாதி ராத்திரிக்கு மேல் ஓடவில்லை. மறுபடி அதே வாய்கள், முன்னைவிட ஒன்றரை மடங்கு. மீனுக்கு மூச்சு வாங்கிக் கொடுக்கிறேன் என்று நினைத்து, நெருக்குவதற்கு வசதி செய்து கொடுத்திருந்தேன். நலன் ஆராய்ச்சி என்ற பெயரில் வருகிற பலதையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். ஆராய்ச்சியின் பலன் மீனுக்குப் போகிறதா, அடர்த்திக்குப் போகிறதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மீன் சாகிற விதம் அடுத்தது. இழுவலையில் ஒதுக்கி, கூடையில் அள்ளி, படகுக்கோ லாரிக்கோ கொண்டுபோய் உடைத்த ஐஸில் கொட்டுகிறோம். மூச்சு முட்டியும் குளிரிலும் போகும். வெப்ப நாட்டு மீன் ஐஸில் பட்டதும் அசைவு குறைந்துவிடும், அதனால் உடனே உயிர் போனதாக எல்லாரும் நினைக்கிறோம். அசைவு போவதும் உணர்வு போவதும் ஒன்றல்ல. உலக விலங்குச் சுகாதார அமைப்பின் நீர்வாழ் உயிர்களுக்கான விதித்தொகுப்பு, நீரிலிருந்து எடுத்து மூச்சடைக்க விடுவதையும், ஐஸில் குளிர்விப்பதையும், மயக்காமல் ரத்தம் வடிய விடுவதையும் மோசமான முறைகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. தலையில் சரியான ஓர் அடி, அல்லது மின்சாரத்தால் மயக்குவது என்று அது சொல்கிறது. சந்தையில் விரால் விற்கிற அம்மா கட்டையால் ஒரே போடு போடுகிறாரே, அது பார்க்கக் கொடூரமாகத் தெரிந்தாலும் மீனுக்கு ஐஸ் பெட்டியைவிட மேல்.

மின்சார மயக்கத்தில் ஒரு கண்ணி உண்டு. குறைந்த மின்சாரம் கொடுத்தால் உடம்பு விறைத்துவிடும், மூளை விழித்தே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. எவ்வளவு மின்சாரம், எத்தனை விநாடி என்பதை ஒவ்வொரு இனத்துக்கும் மூளை அலைகளைப் பதிவு செய்துதான் சொல்ல முடியும். டிரவுட்டுக்குச் சொன்ன எண்ணை எடுத்து ரோகுவுக்கு வைத்தால் நாம் செய்வது மயக்கமா சித்திரவதையா என்று நமக்கே தெரியாது. ஆராய்ச்சிக்குப் பணம் ஏன் என்று அண்ணன் கேட்டால் இதைச் சொல்லுங்கள். நல்ல மனசு மட்டும் உள்ளவர் இங்கே கெடுதல் செய்துவிடுவார்.

காகிதமாக நின்றுவிடும் ஆபத்தும் உண்மைதான். நார்வேயில் சாலமன் மேல் ஒட்டும் பேனை எடுக்க மீனை வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள். 28 டிகிரிக்கு மேல் போனால் மீன் தொட்டியில் மோதித் துடிக்கிறது என்று அந்த நாட்டு ஆய்வாளர்களே காட்டினார்கள். முறை உடனே நின்றுவிடவில்லை, பேன் பல மருந்துகளுக்கு மசியாமல் போய்விட்டதே. அத்தனை பணமும் சட்டமும் உள்ள இடத்திலேயே இப்படி.

யார் கொடுக்கிறார்கள், யார் செய்கிறார்கள் என்றால், உலகத்தில் இந்த வேலைக்குப் பெரிய கை அமெரிக்காவின் ஓப்பன் பிலாந்த்ரபி என்ற நன்கொடை அமைப்பு. 2025இல் கோயெஃபிஷன்ட் கிவிங் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் ஹியூமேன் ஸ்லாட்டர் அசோசியேஷன் கொல்லும் முறை பற்றிய ஆய்வுக்குப் பல காலமாகப் பணம் தருகிறது. வெல்ஃபேர் ஃபுட்பிரின்ட் என்ற குழு 2025இல், காற்றில் மூச்சடைத்துச் சாகிற ஒரு டிரவுட் சராசரியாக 10 நிமிஷம் நடுத்தரமானது முதல் கடுமையானது வரை வேதனைப்படுகிறது, சூழ்நிலையைப் பொறுத்து 2லிருந்து 22 நிமிஷம் வரை, என்று எழுதியது. அந்த எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். பல ஆய்வுகளை வைத்துக் கட்டிய மதிப்பீடு அது, கடிகாரம் வைத்துப் பார்த்த நிமிஷம் அல்ல. ஆனாலும் எந்த இடத்தில் செலவு செய்தால் எத்தனை நிமிஷ வேதனை குறையும் என்று ஒப்பிட அது ஒரு வழி.

நம் மீனுக்கு மிக நெருங்கி வேலை செய்கிறவர்கள் ஃபிஷ் வெல்ஃபேர் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு. 2019இல் தொடங்கியது, ஆந்திராவில் ரோகு கட்லா குளங்களில் தண்ணீரைச் சோதித்து விவசாயியிடம் சொல்லித் திருத்துகிறார்கள். அதே மீன், அதே தவிடு. நம் டெல்டாவோடு ரொம்பவே ஒத்துப்போகிற இடம். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்தது வேறொன்றால். தாங்கள் செய்த தவறுகளை எழுதி வைக்க இணையதளத்தில் ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள். என் துடுப்புச் சக்கரக் கதையை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனது. இறால் பக்கம் போக விரும்பினால் ஷ்ரிம்ப் வெல்ஃபேர் புராஜெக்ட் இருக்கிறது. மயக்கும் எந்திரத்தை இலவசமாகக் கொடுத்து, இத்தனை டன் இறாலை அதில் மயக்கியே கொல்வோம் என்று பண்ணையிடம் உறுதி வாங்குகிறார்கள். காகிதம் தண்ணீரைத் தொடுகிற ஒரு வழி அது.

உங்கள் 30 லட்சம் பெரிய இடத்தில் துளிதான். நீங்கள் யாங்கோனில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது இன்று எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும், கமிஷனிலேயே கரையும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவு இருந்தால், அவர் அங்கிருந்து மேலே சொன்னவர்களில் ஒருவருக்குக் கொடுக்கட்டும், நீங்கள் அவர் வீட்டாருக்கு இங்கே கொடுத்துவிடுங்கள். அது நடக்காது என்றால் உள்ளூரிலேயே ஒரு வழி உண்டு, நான் செய்வதாக இருந்தால் இதைத்தான் செய்வேன். நேப்பிடோ பக்கத்து யேசினில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, விலங்கியல் படித்து வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அப்படி ஒருவருக்கு ஒரு ஆக்சிஜன் மீட்டர், அம்மோனியா சோதிக்கும் மருந்து, படகுக்கூலி, ஒரு வருஷத்துக்குச் சின்னச் சம்பளம். துவந்தே பக்கம் நாலைந்து குளத்தில் விடியலுக்கு முன்னால் அளக்க வேண்டும், அதே நேரம் மீன் மேலே வந்ததா, எத்தனை நாள், பிறகு புண் வந்ததா என்று எழுத வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது தனியாக ஆராய்ச்சி ஆகாது. நாலு குளத்து நோட்டை வைத்து உலகத்துக்கு ஒன்றும் நிரூபிக்க முடியாது. எதை அளப்பது என்பதை முதலிலேயே ஆந்திராவில் செய்கிறவர்களிடம் எழுதிக் கேட்டு, அவர்கள் அளக்கிற மாதிரியே அளந்தால், இரண்டு நாட்டுக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற மாதிரி ஆகும். அப்போது அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

யாருக்குக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிவு வந்தால் வெளியிடுவீர்களா என்று கேளுங்கள். அந்த முடிவு வந்தபின் எந்தக் குளத்தில் எது மாறும், மாற்றப்போகிறவர் யார் என்று பெயர் கேளுங்கள். "விழிப்புணர்வு வரும்" என்று மட்டும் பதில் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். குளத்துக்காரரின் அனுமதி இருக்கிறதா, அவர் ஊரும் பெயரும் வெளியே போகாதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். நம் நாட்டில் அது மரியாதைக்காக மட்டும் கேட்பது அல்ல, அவருடைய நிலம் சம்பந்தப்பட்டது. என் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: அளந்து கொடுத்த பிறகு முதலாளி குஞ்சைக் கூட்டமாட்டேன் என்று வாய்வார்த்தையாவது கொடுத்தாரா என்று கேளுங்கள். வாய்வார்த்தை காற்றில் போகலாம், நான் அதைக்கூடக் கேட்காமல் விட்டவன்.

ஒரு வரியில் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், இதற்குப் பணம் கொடுத்தால் கசோனில் மீன் விடுவதை நிறுத்தத்தான் வேண்டுமா என்று. நிறுத்தாதீர்கள். அந்த வழக்கம் பிறந்ததே வெயிலில் வற்றுகிற குட்டையில் மாட்டிய மீனை எடுத்துப் பெரிய தண்ணீரில் விடுவதற்காக. இப்போது சந்தையில் வாங்கி விடுகிறோம், விற்பதற்கென்றே பிடித்து வருகிறார்கள், பாதி வழியிலேயே செத்துப்போகும். முடிந்தால் துவந்தே பக்கம் வாருங்கள், கசோனில் வற்றுகிற வாய்க்கால்கள் இன்னும் இருக்கின்றன, பையன்கள் இடம் காட்டுவார்கள். சந்தையில்தான் வாங்குவது என்றால் அந்த ஊர் ஆற்று மீனாக வாங்குங்கள், ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஆற்றில் விட வேண்டாம், அது மற்றதைத் தின்னும். உச்சி வெயிலில் விடாதீர்கள், காலை ஆறு, ஏழு மணி நல்லது. வாளியைச் சாய்த்து ஒரேயடியாகக் கொட்டாமல், ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்குள் ஊற்றிக் கால் மணி நேரம் பழக்கிவிட்டு, பிறகு வாளியைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடியுங்கள். அதுவாக நீந்திப் போகட்டும். எண்ணிக்கையை நீங்கள் வாங்கும்போதே எண்ணிவிடுங்கள், விடும்போது எண்ணப் பார்த்தால் முடியாது.